மோதிர விரலின் நகம்

எண்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் பியூட்டி பார்லர் என்று பலகை மாட்டியவள் நான். பலகையைப் படித்துவிட்டு உள்ளே என்ன விற்கிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. பெரும்பாலும் புருவம் திருத்துவேன். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம். ஒட்டு நகம் கேட்டு யாரும் வந்ததில்லை. குயிலாப்பாளையத்திலிருந்து ஆரோவில்லுக்கு வீட்டு வேலைக்குப் போன ஒருத்தி, அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா கழித்துப்போட்ட நகப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அப்படித்தான் அது என்னிடம் வந்தது.

பெட்டிக்குள் பிளாஸ்டிக் நகங்களோடு ஒரு பசைக் குழாயும், இரண்டு பக்கமும் ஒட்டுகிற சின்னச் சின்ன வில்லைகளும் இருந்தன. எது எதற்கு என்று சொல்லித்தர ஆளில்லை, என் விரல்களில்தான் படித்தேன். குழாய்ப் பசை கண் மூடித் திறப்பதற்குள் இறுகிவிடும். நகத்தின் மேல் போட்டால் ஒரு வாரம் அசையாது. தோலில் பட்டால் போச்சு. ஒரு மதியம் முழுக்கக் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டு, மூக்குப்பொடி எடுப்பவளைப் போல உட்கார்ந்திருந்தேன். வில்லை சாது. சில மணி நேரம் தாங்கும், தண்ணீர் பட்டால் நழுவிவிடும். மூன்றாவது பசை விழுப்புரத்தில் கிடைத்தது. நாடகக்காரர்கள் மீசை ஒட்டுகிற ஸ்பிரிட் கம். தோலுக்கென்றே உள்ளது. வியர்வைக்கு அசையாது, எண்ணெய் தடவினால் விட்டுவிடும். அதை நகத்துக்குப் போடலாம் என்பது என் சொந்த மூளை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஒருநாள் அனந்தபுரம் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மறுநாள் மாதா கோயிலில் மகளுக்குக் கல்யாணம். சின்ன வயதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மிஷினில் சிக்கி அவளுடைய மோதிர விரல் நகம் வேரோடு போயிருந்தது. பிறகு முளைக்கவேயில்லை. அந்த இடத்தில் வழவழவென்று தோல்தான். மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியாதாம். பெண் பார்க்க வந்தபோது முந்தானையில் கையை மறைத்துச் சமாளித்திருக்கிறார்கள். புடவையிலிருந்து பிரியாணி அண்டா வரை எல்லாவற்றையும் யோசித்தவர்களுக்கு, மாப்பிள்ளை அதே விரலைப் பிடித்து எல்லோரும் பார்க்க மோதிரம் போடுவார் என்பது கடைசி நாளில்தான் உறைத்திருக்கிறது.

குழாய்ப் பசை இவளுக்கு ஆகாது என்றேன். அது நகத்தோடு நகத்தை ஒட்டுவதற்கு. வெறும் தோலில் போட்டால் தோல் உரியும், உள்ளே ஈரம் தங்கிப் புண்ணாகும். ஒத்திகைக்காக ஸ்பிரிட் கம் தடவி நகத்தை ஒட்டினேன். என் மோதிரத்தைக் கழற்றி அவள் விரலில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். நகம் நின்றது. எண்ணெய் தடவி அதை எடுத்துவிட்டேன். கல்யாணத்தன்று இரவே எண்ணெய் தடவி எடுத்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"அன்னிக்கே கயட்டிட்டா எப்டிங்க? மறுவூடு வந்து போற வரிக்குமாவது நிக்கணுமே" என்றாள் தாய். அவள் கண் பசைக் குழாயின் மேலேயே இருந்தது.

மறுநாள் காலையில் போய் ஒட்டிவிட்டு வந்தேன். மோதிரம் ஏறியது, யாரும் எதையும் கவனிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். புருஷனும் பெண்டாட்டியுமாக வாசலில் வந்து நின்றார்கள். அவள் விரல் வீங்கிச் சிவந்திருந்தது, நகத்தின் ஓரத்தில் சீழ். கடையில் விற்கிற ஒட்டுப் பசை ஒன்றைத் தாய் வாங்கி, சீர்ச் சாமான்களோடு மறைத்து அனுப்பியிருக்கிறாள். நகம் ஓரம் தூக்கும்போதெல்லாம் இவள் குளியலறைக்குள் போய் ஒரு சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த விரலோடு துணி துவைத்து, பாத்திரம் விளக்கி, மாவும் அரைத்திருக்கிறாள். அவரிடம் அம்மிக் குழவி நசுக்கிவிட்டது என்று சொல்லி வைத்திருந்தாள். டாக்டரிடம் போகலாம் என்றவரை, முதலில் இங்கே என்று பிடிவாதமாக அழைத்து வந்திருக்கிறாள்.

நகப்பூச்சு அழிக்கிற திரவம் ஊற்றினால் பசை இளகும்தான். ஆனால் புண்ணில் பட்டால் உயிர் போகும். அதனால் வெந்நீரில் சோப்பைக் கரைத்து விரலை ஊறவைத்தேன். கிண்ணத்தை அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை வெளியே அனுப்பச் சொல்லி அவள் என் காதில் கெஞ்சினாள். நானும் சொல்லிப் பார்த்தேன்.

"எதுக்குங்க? அந்த வெரல்ல நகம் இல்லன்னு எனக்குத் தெரியுங்க. பொண்ணு பாக்க வந்தன்னிக்கே, காபி குடுத்தப்ப பாத்தேன்" என்றார் அவர்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். கேட்டால் சங்கடப்படுவாளே என்று விட்டுவிட்டாராம். கல்யாணத்தில் நகத்தோடு பார்த்ததும் ஆசைப்பட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்தாராம். நல்ல மனுஷன்தான். ஆனால் வாய் என்ன சோறு தின்ன மட்டுமா?

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். நகம் அப்போதுதான் ஒரு பக்கம் விட்டிருந்தது. நான் இழுத்தது வலித்திருக்க வேண்டும், அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"அப்ப இத்தினி நாளா நான் வலியப் பொறுத்துக்கினு இருந்தது யாருக்கு?" என்று அவரைக் கேட்டாள்.

தண்ணீர் ஆறிவிட்டது, வேறு வெந்நீர் வேண்டும் என்று அவர் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.