கல்யாணப் பத்திரிகை ஃபாண்ட்

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களுக்கென்று சாஃப்ட்வேர் செய்து விற்ற ஒரு சின்ன கம்பெனியில், தட்டாஞ்சாவடியில், அப்போது வேலை பார்த்தேன். அதோடு சேர்த்துக் கொடுத்த தமிழ் ஃபாண்ட் முழுக்க நான் வரைந்தது. ‘ழ’வின் வால் ஒன்றுக்கே நாள்கணக்கில் உயிரைக் கொடுத்தேன். சி.டி. போடும் அன்று பார்த்தால், ஃபாண்டை உருவாக்கியவர் என்ற இடத்தில் முதலாளி மகனின் பெயர் இருந்தது. ஒரு புள்ளிகூட வைக்கத் தெரியாத பயல்.

போய்க் கேட்டேன்.

“யாரு பேரு இருந்தா இன்னாப்பா? பத்திரிகையில உன் பேரையா அடிக்கப் போறாங்க?” என்று சிரித்தார் முதலாளி.

ஃபாண்டில் எழுத்துகளோடு ஒரு குத்துவிளக்குப் படமும் உண்டு. பத்திரிகையின் தலையில் எல்லோரும் அதைத்தான் போடுவார்கள். மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், விளக்குத் தண்டைச் சுற்றிய கொடியை என் பெயராக வளைத்து வரைந்துவிட்டேன். சி.டி. அப்படியேதான் போனது.

அதன்பிறகு முத்தியால்பேட்டையிலும் நெல்லித்தோப்பிலும் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பத்திரிகையின் உச்சியில் நான்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த தை மாதம் அந்த மகனுக்கே கல்யாணம். பெரிய மனிதர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, கடைசியில் எனக்கும் ஒரு பத்திரிகையை நீட்டினார் முதலாளி. வாங்கிப் பக்கவாட்டில் திருப்பி, கொடியின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“அடப்பாவி, ஊரு பூரா குடுத்துட்டனேடா!”

“அதுக்குத்தான் சார் இவ்ளோ நாள் பொறுத்துக்கினு இருந்தேன்” என்றேன்.