மோதிர விரல் அனுப்பிய சேதி

போன வருடம் மே மாதம் நடந்தது இது. இரணியலில் எங்கள் வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எவ்வளவு மோசமாக வாசித்தாலும் சரிசெய்து தந்துவிடுவேன் என்று சுற்றுவட்டாரத்தில் எனக்கொரு பெயர் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை, பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒருவர் மனைவியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். என் வயதுதான் இருக்கும். ஊர் தேவாலயத்தின் பாடகர் குழுவில் பல வருடம் கீபோர்டு வாசித்தவர். பக்கவாதம் வந்து வலது கால் விழுந்துவிட்டது. வலது கை மட்டும் பயிற்சியில் பாதி திரும்பியிருந்தது. சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். மகளைக் கைபிடித்துப் பீடம் வரை கூட்டிப்போக அவரால் முடியாது. தான் வாசித்த இசையாவது அவளோடு கூட நடக்கட்டும் என்றார்.

சொந்த கீபோர்டையே கொண்டுவந்திருந்தார். அதை என் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். இந்த வயரில் ஒலி போவதாகப் பலர் நினைக்கிறார்கள். போவது வெறும் சேதிதான். எந்தக் கட்டையை அழுத்தினார், எவ்வளவு வேகமாக அழுத்தினார், எப்போது விரலை எடுத்தார், அவ்வளவுதான். அந்த வேகத்துக்கு நூற்றிருபத்தேழு வரை ஓர் எண் உண்டு. அந்தச் சேதிகளை வைத்து ஒலியைக் கம்ப்யூட்டர் எழுப்பிக்கொள்ளும். இதற்குப் பெயர் மிடி. சேதி என்பதால் பிறகு திருத்தவும் முடியும். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

பாடகர் குழு பிறகு கேட்டுப் பழக வசதியாக, வாசிக்கும் முன் கீபோர்டின் ரெக்கார்டு பட்டனையும் அழுத்திவிடுவது அவர் வழக்கம். அன்றும் அழுத்தினார். இதெல்லாம் எதற்கு, கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆறாவது முறைதான் முழுதாக வாசித்து முடித்தார். கை வீங்கிவிட்டது.

அவர் போனதும் உட்கார்ந்தேன். மற்ற விரல்கள் எண்பதை ஒட்டி இருக்க, வலது மோதிர விரல் அழுத்திய கட்டைகளின் எண் முப்பத்தொன்று, முப்பத்து மூன்று என்று மெலிந்து கிடந்தது. தாளத்துக்குப் பிந்தியும் வந்தது. எல்லாவற்றையும் எண்பதாக்கினேன். பிந்தியதையெல்லாம் திரையில் தாளக் கோட்டுக்கு இழுத்து நிறுத்தினேன். பெருமையோடு அதே பெயரில் சேமித்து மூடி, பாட்டை வாட்ஸப்பில் அனுப்பினேன்.

புதன்கிழமை போன் வந்தது. பாட்டைக் கேட்டுவிட்டு அவர்தான் அழைத்திருந்தார்: "நல்லாத்தான் இருக்கு மக்கா. ஆனா இத வாசிச்சது ஆரு?"

உடனே கம்ப்யூட்டரைத் திறந்தேன். பழையதைத் தேடினால் இல்லை. நானே அதன்மேல் சேமித்து அழித்திருந்தேன். இன்னொரு முறை வாசிக்க அந்தக் கையால் முடியாது. வெட்கத்தை விட்டு உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. பக்கத்திலிருந்து மனைவியின் குரல் கேட்டது: "நீங்க அந்தப் பட்டன அமுக்குனீங்கல்லா?"

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஓடினேன். வயரைச் செருகி, கீபோர்டில் பதிவை ஓடவிட்டேன். அதுவும் ஒலியை அல்ல, சேதியைத்தான் பதிந்து வைத்திருந்தது. அவர் கைகள் மடியில்தான் கிடந்தன. ஆனால் திங்கட்கிழமை அவர் விரல்கள் சொன்ன சேதிகள் ஒவ்வொன்றாக என் திரையில் வந்து விழுந்தன. முதல் மோதிர விரல் எண்ணைப் பார்த்தேன். முப்பத்தொன்று. கண் கலங்கிவிட்டது.

பியானோ ஒலியை மட்டும் பொருத்திக் கொடுத்தேன். வேறெதையும் தொடவில்லை.

சனிக்கிழமை நானும் போயிருந்தேன். அம்மாவின் கையைப் பிடித்து மகள் நடந்து வந்தாள். அவர் பீடத்துக்கருகே சக்கர நாற்காலியில் இருந்தார். இசை ஒலிக்க ஒலிக்க, முழங்கால்மேல் கிடந்த அவர் விரல்கள் கூடவே வாசித்துக்கொண்டிருந்தன. மோதிர விரல் கொஞ்சம் பிந்தியே அமர்ந்தது. இசையும் அதே அளவு பிந்தி, அதனோடு சேர்ந்தே வந்தது. மகள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தாள்.

இப்போதும் திருத்தத்தான் செய்கிறேன், அதுதானே பிழைப்பு. ஆனால் யாருடைய வாசிப்பிலும் கைவைக்கும் முன், "இது பிழையா, இல்லை நீங்களா?" என்று அவர்களிடமே கேட்டுவிடுகிறேன்.