இரவல் நாற்காலியின் வருமானம்

உத்திரமேரூரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் நான். என் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் 'ஞானதாஸ் பந்தல்' என்று சிவப்பு பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். எழுத்துக்கூட்டத் தெரிந்த குழந்தைகூடப் படித்துவிடும். அம்முலு வீட்டுக்கு விசாரணைக்கு வந்த அதிகாரி மட்டும் படிக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அம்முலு எங்கள் தெருக்காரி. நடவு, களை, அறுப்பு என்று அடுத்தவர் கழனியிலேயே பாதி ஆயுசு போய்விட்டது. கணவன் பாண்டியன் வாலாஜாபாத் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கி முதுகு போனவன். மகள் சுகிர்தா காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, இரண்டாம் வருடம். முதல் வருடக் கட்டணத்தை அரசாங்கத்தின் கல்வி உதவித்தொகைதான் கட்டியது. அது நின்றால் படிப்பும் நிற்கும். பெண் ஒரகடத்துத் தொழிற்சாலை வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டியதுதான்.

இந்த வருடம் புது வருமானச் சான்றிதழ் வேண்டும், வீட்டை நேரில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அம்முலு என்னிடம் ஓடி வந்தாள்.

"ஆபீசர் வராராம்ணா. குந்த வெக்க வூட்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு சேர் குடுணா."

கொடுத்தேன். எங்கள் தெருவுக்கு வருகிற பெரிய மனிதர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போகிறவர்கள். எங்கள் வீட்டு டம்ளரில் வாய் வைக்க மாட்டார்கள். அது தெரிந்துதான் அம்முலு மூடி திறக்காத கூல்டிரிங்ஸ் பாட்டிலாகக் கேட்டு வாங்கி வந்தாள். பக்கத்து வீட்டு ஷாரோனிடம் டேபிள் ஃபேன் இரவல் வாங்கி வைத்தாள்.

அதிகாரி வந்தார், என் பெயர் மேல் சாய்ந்து உட்கார்ந்தார், ஷாரோன் வீட்டுக் காற்றை வாங்கிக்கொண்டு கூல்டிரிங்ஸ் குடித்தார். "வசதியாத்தான் இருக்கீங்க" என்று சிரித்தார். அம்முலு அதைப் பாராட்டு என்று நினைத்துத் தானும் சிரித்தாள்.

சான்றிதழ் வந்தது. ஆண்டு வருமானம் மூன்று லட்சம். உதவித்தொகைக்கான வரம்பைத் தாண்டிவிட்டது. மூன்று லட்சம் வருகிறவள் எதற்கய்யா முழங்கால் சேற்றில் நிற்கிறாள்? கூரையில் தார்ப்பாய் கட்டியிருந்தது அவர் கண்ணில் படவில்லை, நாற்காலி பட்டுவிட்டது.

மறுவிசாரணை கேட்டு நானும் அவளோடு தாலுகா ஆபீசுக்கு அலைந்தேன். கடைசியில் ஒரு குமாஸ்தா எங்களை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இந்த தபா வர்றவருக்கு ஒண்ணும் குடுக்காதம்மா. குடுத்தா வசதின்னு எழுதிடுவாங்க."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கோ அங்கிருந்த மேஜையைப் புரட்டிப் போட வேண்டும் போலிருந்தது.

ஆவணி மாத வெயிலில் வேறொரு அதிகாரி வந்தார், இளவயசு. நாற்காலி இல்லை, ஃபேன் இல்லை. நின்றுகொண்டே கூரையைப் பார்த்தார், பாண்டியனைப் பார்த்தார், எழுத ஆரம்பித்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. பாதியில் நிமிர்ந்து, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

நான் வாசலில் நின்றிருந்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் தெருவில் ஒரு அதிகாரி தன் வாயால் தண்ணீர் கேட்டு நான் பார்த்ததில்லை. மூலையில் பானை இருந்தது, மேலே கவிழ்த்த டம்ளரும் இருந்தது. அம்முலு பானையைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தாள்.

"தண்ணி இல்ல சார்" என்றாள்.

"பரவால்லம்மா" என்று சொல்லி, எழுதி முடித்துவிட்டுப் போனார்.

சான்றிதழ் சரியாக வந்தது. உதவித்தொகையும் வந்து, சுகிர்தா காலை பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அந்தச் சேதியைச் சொல்ல வந்த அம்முலு, அடுக்கியிருந்த என் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பொண்ணு படிக்கிது, சந்தோசம்தான்ணா" என்றாள். "அந்த மனுசன் நம்ம வூட்ல வாய் தொறந்து தண்ணி கேட்டாரு. பானை நெறைய தண்ணிய வெச்சிக்கினு இல்லன்னு சொல்ல வெச்சிட்டானுங்களே."