தழை போடாத நெய்

வெண்ணெய் உருகி அடங்கும் தறுவாயில் ஒரு கொத்து முருங்கைத் தழையை உருவிப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டு வழக்கம் என்பதுகூடப் பிழை. ராசிபுரத்தைச் சுற்றி எருமை கட்டியிருந்த வீடுகள் பலவற்றில் அதைக் காணலாம். ஏன் போடுகிறார்கள் என்று கேட்டால், "வாசத்துக்குத்தான், வேறெதுக்கு?" என்பார் அம்மா. எனக்கோ வேறு காரணம் தெரிந்திருந்தது. நெய்யை வடித்தபின் சட்டியின் அடியில் வண்டலோடு தங்கும் தழை அப்பளம்போல் மொறுமொறுத்திருக்கும். அதில் சர்க்கரை தூவித் தின்பதற்கு இணையான இன்பத்தை எட்டு வயதில் நான் அறிந்திலேன். எனக்காகவே அவ்வழக்கம் ஏற்பட்டது என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

உண்மைக் காரணத்தை முதுமையில்தான் படித்தறிந்தேன். நெய்யைக் கெடுப்பது காற்றிலுள்ள உயிர்வளி. நாம் மூச்சாக இழுக்கும் அதே உயிர்வளி. அது கொழுப்பைத் தாக்கிச் சிதைக்கும்போதுதான் காறல் நாற்றம் எழுகிறது. தழையிலிருந்து நெய்யில் இறங்கும் சில பொருள்கள் அத்தாக்குதலைத் தாம் ஏற்றுக்கொண்டு, தாம் அழிந்து, நெய்யைக் காக்கின்றன. நம் உடலின் உயிரணுக்களுக்கும் இதே வகைத் தேய்மானம் உண்டென்றும், கீரையிலும் கனியிலும் உள்ள இத்தகைய பொருள்கள் அங்கும் காவல் நிற்கக்கூடும் என்றும் அறிஞர் எழுதுகின்றனர். உடலுக்குள் அக்காவல் எவ்வளவு என்பதில் அவர்கள் அடக்கமாகவே பேசுகிறார்கள். நெய்யைப் பொறுத்தவரை ஐயமில்லை. அதற்கு என் அக்காவே சான்று.

அக்காவுக்கு அப்போது பள்ளியிறுதி வகுப்பு முடிந்திருந்தது. சேலம் சென்று ஆசிரியப் பயிற்சி பெறவேண்டும் என்பது அவள் ஆசை. அப்பா முழுவதுமாக மறுக்கவில்லை. ஒரு நிபந்தனையோடு நிறுத்திக்கொண்டார். "இந்த வருசம் எடம் அமையலீன்னா பாக்கலாம்" என்றார். இடமோ உடனே அமைந்துவிட்டது. ராசிபுரத்தில் நெய் மண்டி வைத்திருந்தவரின் மகன். தோட்டம், கிணறு, ஓட்டு வீடு என்று எதிலும் குறை சொல்ல வழியில்லை. சித்திரையில் கை நனைக்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் கை நனைத்து உண்டுவிட்டால் சம்பந்தம் உறுதி; அதன்பின் பேச்சு மாறுவதில்லை.

நெய் வணிகர் வீட்டு விருந்துக்கு நெய்யே முதன்மை என்று அம்மா தையிலேயே முடிவு செய்தார். நல்ல வெண்ணெயாகச் சேர்த்து உருக்கி, தனி ஜாடியில் ஊற்றி, வாயைத் துணியால் வேடு கட்டி, விருந்தன்றே திறப்பது என்று ஏற்பாடு. உருக்கும் பொறுப்பு அக்காவுடையது. அன்று நான் வழக்கம்போல் சர்க்கரையோடு போய் நின்றேன். வண்டலில் ஒரு தழைகூட இல்லை.

"எங்கீக்கா தழை?"

"மரமெல்லாம் கம்பளிப்புழு சாமி. போ, போய் வெளையாடு."

புழக்கடைக்கு ஓடிப் பார்த்தேன். முருங்கை புழுவின்றிப் பூத்து நின்றது. ஆகவே, எனக்குக் கொடாமல் தழை முழுவதையும் அக்காவே தின்றுவிட்டாள் என்ற முடிவுக்கு வந்தேன். அந்தக் கோபத்தை மூன்று மாதம் காத்து வைத்திருந்தேன்.

அதற்கு முந்தைய ஆண்டு மரத்தில் மெய்யாகவே கம்பளிப்புழு அடைந்து, தழையில்லாமல் உருக்கிய நெய் காறிப்போயிற்று. அம்மா ஜாடியைக் குறை சொன்னார். அக்கா மட்டும் தழையில்லாததே காரணம் என்று மனத்தில் குறித்துக்கொண்டாள் போலும். இவ்வாண்டு நெய் ஜாடியை வெயில் விழும் சன்னலோரம் கொண்டுபோய் வைத்தவளும் அவளே.

விருந்து நாள் வந்தது. மண்டிக்காரர் பெருத்த உடம்பும் சிறுத்த குரலும் உடையவர். உடன் வந்தவர்கள் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருக்க, அவர் முதலில் வந்து இலையில் அமர்ந்தார். அப்பா வெளியே வண்டி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களையில் இருந்தார். பெண்ணின் கையால் நெய் விடுவது முறை. அக்கா ஜாடியின் வாய்த்துணியை அவிழ்த்து, பருப்புச் சோற்றின்மேல் ஒரு கரண்டி விட்டாள். மண்டிக்காரர் சோற்றைத் தொடவில்லை. பழக்க மிகுதியால் ஒரு சொட்டை விரலால் எடுத்துப் புறங்கையில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுருங்கிற்று.

என் கோபத்துக்கு அதைவிட நல்ல வேளை வாய்க்குமா?

"அந்த நெய்யில ஒரு தழைகூட எனக்குக் குடுக்கலீங்க" என்றேன். "எல்லாத்தையும் அக்காவே தின்னுபோட்டா."

அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன தழை சாமி?"

"முருங்கத் தழைங்க. எப்பவும் போடுவாங்க. புழு அடிச்சுப்போச்சுன்னு அக்கா பொய் சொன்னா. மரத்துல ஒரு புழு இல்லீங்க, நான் போயிப் பாத்தனுங்க."

மண்டிக்காரர் புறங்கையை மீண்டும் ஒருமுறை முகர்ந்தார். பிறகு தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, தழை போட மறந்துட்டியா?"

ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் சிரித்து, வேறு நெய் கேட்டு, கை நனைத்திருப்பார்.

"மறக்கலீங்க" என்றாள்.

"படிக்கோணும்னு சொன்னீன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாங்க."

அப்போது அப்பா உள்ளே வந்தார். மண்டிக்காரர் துண்டால் புறங்கையை அழுந்தத் துடைத்துக்கொண்டே, "கெவுளி சொல்லுச்சுங்க, கேட்டீங்களா?" என்றார்.

அப்பா பல்லியைத் தேடி விட்டத்தை அண்ணாந்து பார்த்தார். "எனக்கொண்ணும் கேக்கலீங்களே."

"நீங்க வெளிய இருந்தீங்க. எனக்கு நல்லாக் கேட்டுது. தெக்குப் பக்கம். கை நனைக்கறதுக்கு முன்னாலயே சொல்லிப்போட்டுது, அதுவரைக்கும் நல்லதுங்க." எழுந்து நின்றார். "இந்த வருசம் பொண்ணக் குடுக்கறதும் வேண்டாம், எடுக்கறதும் வேண்டாம்னு சொல்லுதுங்க. ஒரு ரண்டு வருசம் போகட்டும். வேற எடம் வந்தாலும் அவசரப்படாதீங்க. புள்ள எதாச்சும் படிக்கட்டும்."

அத்தனை செய்தியையும் ஒரு கெவுளி ஒரே மூச்சில் சொல்லிற்று என்பதை எங்கள் வீட்டில் எவரும் ஐயுறவில்லை. சகுனத்தோடு வாதாடுவார் இல்லை. அம்மா அடுக்களையிலிருந்து வந்து அழுதார். சகுனம் கெட்ட நெய் வீட்டில் வேண்டாம், கோயில் விளக்குக்கு ஊற்றிவிடலாம் என்று அக்கா சொல்ல, அவரும் முகர்ந்து பாராமலே தலையாட்டினார். பள்ளிகள் திறந்த மாதத்தில், ஒரு தகரப் பெட்டியுடன் அக்காவைச் சேலம் பேருந்தில் அப்பாவே ஏற்றிவிட்டார். அவள் முப்பது ஆண்டுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள். அந்த மண்டிக்காரர் வேறொரு நல்ல மருமகளைப் பெற்றார் என்று கேள்வி. நல்ல நெய் எது, கெட்ட நெய் எது என்று அறிந்த மூக்கு அவருக்கு இருந்தது. தன் வீட்டுக்கு வர விரும்பாத பெண்ணைப் பழி சேராமல் விட்டுவிடும் மனமும் இருந்தது.

விருந்தன்று மாலை இவை எவையும் எனக்குத் தெரியா. வந்தவர்கள் போனபின் சுவரோரம் ஏணியைச் சாத்தி ஏறி, தெற்குப் பக்கத்து விட்டத்தையும் ஓட்டிடுக்குகளையும் ஒட்டடைக் குச்சியால் துழாவினேன். நூலாம்படைதான் வந்தது.

"ஒரு கெவுளியும் இல்லீக்கா" என்றேன்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா, "இருந்துச்சு சாமி. நல்லாத் தேடு" என்றாள்.

மறுபடியும் தேடினேன். இருட்டத் தொடங்கியபின், அவர்கள் வண்டியிலேயே அதுவும் ஏறிப் போயிருக்க வேண்டும் என்று தீர்மானித்து இறங்கினேன்.