வெறுந்தொட்டில்

அசரியா வீட்டில் புதுச்சாமான் என்று எதுவும் கிடையாது. காட்டாங்குளத்தூர் கல்லூரியில் ஆய்வக உதவியாளரான அவர், கட்டிலோ மேசையோ பழசாகத்தான் வாங்குவார். உப்புத்தாளால் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டு, "தேய்ச்சுட்டா பழைய சொந்தக்காரன் போயிடுவான்" என்பார்.

மனைவி சாராளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பீர்க்கன்கரணையில் புஷ்பலதா என்ற பெண்ணிடம் ஒரு மரத்தொட்டில் மலிவாகக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் பால்கனியில் உட்கார்ந்து அதைத் தேய்த்து வெள்ளையடித்தார். சாயங்காலம் பெயின்ட் காய்ந்ததும், கிறீச்சிடுகிறதா என்று ஆட்டிப் பார்த்தார்.

"வெறுந்தொட்டில ஆட்டாதீங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் சாராள்.

"ஜெபம் பண்ற வீட்ல இதென்ன மூடநம்பிக்கை?" என்றவர், வீம்புக்கு இன்னும் பத்து ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் நிறுத்தினார்.

மறுநாள் தொட்டிலின் மேல்சட்டத்தில் இரண்டு பல் தடங்கள் இருந்தன. பாழாய்ப்போன எலி என்று திட்டிக்கொண்டே தடங்களைப் பட்டி மாவு பூசி அடைத்து மறுபடியும் வெள்ளையடித்தார்.

செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் நான்கு தடங்கள் இருந்தன. எல்லாம் பால்பல் அளவு. தொட்டிலுக்குள் நின்றுகொண்டு கடித்த மாதிரி உட்பக்கமாகப் பதிந்திருந்தன.

அசரியா கோபத்தோடு புஷ்பலதாவுக்குப் போன் போட்டார். "என்ன தொட்டிலம்மா குடுத்தீங்க? பல் தடமா வருது!"

"சும்மா கெடந்த தொட்டில ஆட்டினீங்களா சார்?"

"ஆமா, ஞாயித்துக்கெழம ஆட்டினேன். அதுக்கென்ன?"

"ஆட்டிட்டு ஏன் சார் நிறுத்துனீங்க?"