காலி இடம்

இஸ்திரிக்காரம்மாவுக்குக் கோபத்தையும் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் வாசலிலேயே பெரிய குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தேய்த்த துணியெல்லாம் நாறுகிறது என்று வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் கழன்றுகொண்டார்கள். நகராட்சி இன்ஜினியரிடம் போய் நின்றாள். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"மேப்புல அந்த இடம் காலியாத்தாம்மா இருக்கு."

அதே இன்ஜினியர் இப்போது மக்களோடு சேர்ந்து திட்டம் போட வந்திருந்தார். விளையாட்டாம்! எல்லாரும் தெருத்தெருவாக நடந்து பார்த்துவிட்டு வந்து, பள்ளிக்கூட மண்டபத் தரையில் சாக்பீஸால் மேப் வரைய வேண்டும். பிறகு பூங்கா, பஸ் ஸ்டாப், குப்பைத் தொட்டி என்று பெயர் எழுதிய மரக்கட்டைகளைக் காலி இடங்களில் வைக்க வேண்டும்.

"நிறையப் பேர் எதுக்குக் கை தூக்குறீங்களோ, அதுதான் முடிவு. நானே நெனச்சாலும் மாத்த முடியாது" என்று மைக்கில் வாக்குக் கொடுத்தார்.

அவர் குடியிருக்கும் தெருவை வரையும் வேலையை இஸ்திரிக்காரம்மா முந்திக்கொண்டு கேட்டு வாங்கினாள். விளக்குக் கம்பம், சாக்கடை மூடி, நடுரோட்டில் படுத்திருந்த நாய் என்று ஒன்றுவிடாமல் வரைந்தாள். ஒரே ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டாள். அந்த இடத்தில் குப்பைத் தொட்டிக் கட்டையை வைத்தாள். இத்தனை நாளாக நாற்றத்தைப் பங்கு போட்டுக்கொண்ட அக்கம்பக்கத்தார் மொத்தமும் கை தூக்கினார்கள்.

இன்ஜினியர் பதறிப்போனார். "என்னம்மா இது? அங்க என் வீடு இருக்கு!"

அவள் குனிந்த தலை நிமிராமல், கட்டையை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.

"மேப்புல அந்த இடம் காலியாத்தான் சார் இருக்கு."