வீட்டு நாய் இப்போது எங்கே?

ஆம்பூரில் எனக்கு ஒரு சின்ன கால்நடை கிளினிக் இருக்கிறது. நான் டாக்டர். போன் எடுக்கவும் மருந்து எடுத்துக் கொடுக்கவும் ஒரு பெண் உதவிக்கு இருக்கிறாள். யார் கூப்பிட்டாலும், நான் கிளம்புவதற்கு முன் அவள் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் சில உண்டு. மாட்டை நாய் கடித்ததா என்பது அதில் ஒன்று. அந்த விதியைப் போட்டவள் நான். புதிதாகப் படித்துவிட்டு வரும் டாக்டர்களிடம் அதைப் பற்றிப் பெருமை வேறு பீற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை பாலாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார். மாடு தீனி எடுக்கவில்லை, வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. மாங்காய் சீசன் வேறு. தொண்டையில் மாங்கொட்டை அடைத்துக்கொண்ட மாடுகள் எங்களுக்கு அடிக்கடி வரும். நாய் கடித்ததா என்று போனிலேயே கேட்டாயிற்று, இல்லை என்று சொல்லிவிட்டார். நேரில் போய் நானும் ஒரு முறை கேட்டேன்.

"தெரு நாயெல்லாம் இந்தப் பக்கமே வராது டாக்டரம்மா" என்றார்.

வாய் மூடாமலிருக்க இரும்பு வளையத்தை மாட்டி, கையுறை போட்டுக்கொண்டு தொண்டைவரை கையை விட்டேன். மாடு தலையைத் திருப்பியதில் கடைவாய்ப் பல் கையுறையைக் கிழித்து, என் பெருவிரலின் அடியில் கீறியது. எங்கள் தொழிலில் இது கொசுக்கடி மாதிரி. கண்டுகொள்ளாமல் துழாவினேன். தொண்டையில் எதுவும் இல்லை. கையை வெளியே எடுத்ததும் மாடு கத்தியது.

கத்தல் என்று சொல்ல முடியாது. கரகரவென்று தொடங்கி, பாதியில் உடைந்து, வெறும் காற்றாகப் போனது. கல்லூரியில் ஒரே ஒரு முறை இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். நேராகக் குழாயடிக்கு ஓடினேன்.

"உங்க வீட்ல நாய் இருக்கா? இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"இருந்துச்சி. போன மாசம் எங்கியோ போய்டுச்சி. போறதுக்கு முன்னாடி மாட்டு மேல எகிறி மூக்கக் கவ்விச்சி. அது நம்ம வூட்டு நாயிம்மா, குட்டிலேர்ந்து சோறு போட்டு வளத்தது. அதப் போயி நாய்க்கடின்னு சொல்வாங்களா?"

அந்த மனிதரை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. அறைவதற்கான கை அப்போது குழாயடியில் இருந்தது. சோப்பைப் போட்டுப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தேன். வெறிநோய் என்று சொன்னதும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே இன்னொன்றும் சொன்னார்.

"எங்க பொண்ணு ரெண்டு நாளா நாக்கு தேய்ச்சி வுட்டுச்சேம்மா."

எங்கள் பக்கம் மாடு தீனி எடுக்காவிட்டால் நாக்கை வெளியே இழுத்து, உப்பும் மிளகும் வைத்துத் தேய்ப்பார்கள். சின்னக் கை என்றால் வாய்க்குள் சுலபமாகப் போகும் என்று வீட்டுப் பெண்களைத்தான் கூப்பிடுவார்கள்.

"அவ கையில காயம் எதுனா இருக்கா?"

"ஷூ கம்பெனில கட்டிங்ல இருக்கிற பொண்ணு. கத்தி படாத கையா அது?"

எனக்குப் படிக்கும்போதே தடுப்பூசி போட்டிருந்தார்கள். இன்னும் ஒன்றிரண்டு ஊசி போட்டுக்கொண்டால் எனக்குப் போதும். அந்தப் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. இந்த நோயின் அறிகுறி தெரிந்த பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது, அதற்குள் ஊசி உள்ளே போயாக வேண்டும்.

கம்பெனியில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் அவரை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு நேராகப் போனேன். ஷிப்ட் முடியட்டும் என்றார் செக்யூரிட்டி. நான் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசரே வெளியே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண் வந்தாள். ஏப்ரன் கட்டியிருந்தாள், மூன்று விரல்களில் டேப் சுற்றியிருந்தது.

"இன்னாப்பா, மாடு செத்துடுச்சா?" என்று அவள் அப்பாவைக் கேட்டாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணியப் பாத்தா பயம் வருமே மேடம், அதுவா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வேலூருக்குப் போனோம். ஒவ்வொரு காயத்திலும் ஊசியை இறக்கியபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எனக்கும் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். மாடு அந்த வாரமே செத்தது. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். புதைப்பதற்கு முன் எடுத்த மூளைத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் வெறிநோய் என்றே உறுதியாகி வந்தது.

ஊசிகளை ஒழுங்காகப் போட்டு முடித்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. இதை நூறு பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் காலையில் எழுந்ததும் டம்ளரில் தண்ணீரை மொண்டு வைத்துக்கொண்டு அதையே பார்ப்பேன். தொண்டை இறுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். படித்தவள் செய்கிற வேலையா இது என்று என்னையே திட்டிக்கொள்வேன். மறுநாளும் அதையேதான் செய்வேன். அந்தப் பெண்ணும் அப்படித்தான் செய்கிறாள் என்பது, ஒரு நாள் விடிந்ததும் வந்த அவள் போனில் தெரிந்தது.

"தண்ணி குடிச்சிட்டேன் மேடம். நீங்க?"

அன்றிலிருந்து கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன் தினமும் கூப்பிடுவாள். வேறு எதுவும் பேச மாட்டோம். கிளினிக்கில் கேள்வியை மாற்றிவிட்டோம். நாய் கடித்ததா என்று இப்போது கேட்பதில்லை, வீட்டு நாய் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவளிடமிருந்து போன் வரவில்லை. நான் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப் என்றது. ஊசி போட வந்த ஆட்டை அப்படியே விட்டுவிட்டுக் கம்பெனிக்கு ஓடினேன். செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே ஆள் அனுப்பினார். அவளைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்களோ என்று நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் நடந்துதான் வந்தாள். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

"போன் மழையில நனைஞ்சி போய்டுச்சி மேடம். நீங்க வருவீங்கன்னு தெரியும்" என்றாள். பாட்டிலைத் திறந்து, என் கண்ணெதிரே மடக் மடக்கென்று குடித்தாள். பிறகு கம்பி வழியாக அதை என்னிடம் நீட்டினாள்.

"இப்ப நீங்க குடிங்க. நான் பாக்கணும்."

வாங்கிக் குடித்தேன். பாதி சேலையில் கொட்டியது. கடைசி வாய் உள்ளே இறங்கும்வரை அவள் என் தொண்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.